‘வந்திருந்தால் சொல்லியிருப்பேன்!’ - இதை ஆங்கிலத்தில் சரியாகச் சொல்கிறோமா?

ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர். பென்ஷன் வரும் கணக்கிலிருந்து யாரோ 40,000 ரூபாயை எடுத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆறாவது நாள் பாஸ்புக்கில் பதிவு போட்டபோதுதான் அவருக்கே விஷயம் தெரிகிறது. பதறிப்போய் வீட்டுக்கு வந்தவர், வங்கிக்கு ஆங்கிலத்தில் ஒரு மெயில் தட்டுகிறார். அதில் முக்கியமான வரி இது: “இஃப் ஐ கெட் எஸ்எம்எஸ், ஐ வில் இன்ஃபார்ம் இமீடியட்லி.”

அவர் மனதில் இருந்தது, ‘எஸ்எம்எஸ் வந்திருந்தால் உடனே சொல்லியிருப்பேன்’ என்பது. ஆனால் அந்த வரியைப் படிக்கும் அதிகாரிக்குப் புரிவது வேறு: ‘இனிமேல் எஸ்எம்எஸ் வந்தால் உடனே சொல்கிறேன்.’ புகார் சொல்ல வந்தவர் வாக்குறுதி கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்!

இதில் என்ன பெரிய நஷ்டம் என்று தோன்றலாம். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கையைப் பார்த்தால் புரியும். வங்கி மீதும் வாடிக்கையாளர் மீதும் தவறில்லாமல், வேறெங்கோ நடந்த கோளாறால் பணம் போயிருந்தால், வங்கியிடமிருந்து தகவல் கிடைத்த மூன்று வேலை நாள்களுக்குள் புகார் கொடுத்தவருக்கு இழப்பு எதுவும் கிடையாது. நான்கு முதல் ஏழு நாள் ஆகிவிட்டால், ஓர் உச்சவரம்புக்குள் இழப்பில் ஒரு பங்கை அவரும் சுமக்க வேண்டும். கவனியுங்கள், பணம் போன நாளிலிருந்து கணக்கு தொடங்குவதில்லை. தகவல் கிடைத்த நாளிலிருந்துதான். ஆகவே, ‘எனக்கு எஸ்எம்எஸ் வரவில்லை’ என்பதுதான் பெரியவர் கையில் இருக்கும் ஒரே ஆயுதம். அதைத்தான் அவர் எழுதாமல் விட்டுவிட்டார்.

தமிழிலேயே எழுதியிருக்கலாமே என்று கேட்கலாம். தாராளமாக எழுதலாம். ஆனால், உள்ளூர்க் கிளையைத் தாண்டிப் புகார் மேலே போகும்போது, மும்பையில் உட்கார்ந்திருக்கும் யாரோ ஒருவரும் அதைப் படிக்க வேண்டியிருக்கும்.

அவர் எழுதியிருக்க வேண்டிய வரி: “இஃப் ஐ ஹேட் ரிசீவ்டு அன் எஸ்எம்எஸ், ஐ வுட் ஹேவ் இன்ஃபார்ம்டு யூ இமீடியட்லி.” இந்த ஒரு வாக்கியத்துக்குள் இரண்டு தகவல்கள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, எஸ்எம்எஸ் வரவில்லை. இரண்டு, அதனால்தான் உடனே சொல்லவில்லை. ‘இல்லை’ என்ற சொல் எங்கேயும் கிடையாது. ஆனாலும் இரண்டு ‘இல்லை’யும் படிப்பவர் காதில் தெளிவாக விழுந்துவிடும்.

பாதி விடை தமிழிலேயே இருக்கிறது

பத்தாம் வகுப்பிலோ பிளஸ் டூவிலோ ‘இஃப் கிளாஸ்’ படிக்காதவர்கள் குறைவு. டைப் ஒன்று, டைப் இரண்டு, டைப் மூன்று என்று கட்டம் போட்டு மனப்பாடம் செய்து, பரீட்சையில் இரண்டு மார்க் வாங்கி, அன்று மாலையே மறந்துபோன பாடம் அது. மூன்றாவது டைப்தான் கடந்த காலத்தில் நடக்காமல் போனதைப் பேசுவது. அந்தக் கட்டத்தை இப்போது தேடி எடுக்க வேண்டியதில்லை. நாம் தினமும் பேசும் தமிழே போதும்.

‘நீ வந்திருந்தால் நான் சொல்லியிருப்பேன்’ - இதைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். முதல் பாதியில் ‘இருந்தால்’. இரண்டாம் பாதியில் ‘இருப்பேன்’. ‘இருந்தால்’ வரும் பக்கம் ஆங்கிலத்தில் ‘ஹேட்’. எச், ஏ, டி. ‘இருப்பேன்’ வரும் பக்கம் ‘வுட் ஹேவ்’. இரண்டு பக்கமும் வினைச்சொல்லின் மூன்றாவது வடிவம். ‘கோ, வென்ட், கான்’ என்று ஒப்பித்தோமே, அந்த வரிசையில் கடைசியாக வருவது. “இஃப் யூ ஹேட் கம், ஐ வுட் ஹேவ் டோல்டு யூ.” அவ்வளவுதான். இங்கே ‘கேம்’ இல்லை, ‘கம்’ என்பதைக் கவனிக்க வேண்டும். அந்தச் சொல்லுக்கு முதல் வடிவமும் மூன்றாவது வடிவமும் ஒன்றே.

அப்படியானால் தவறு எங்கே வருகிறது? பெரும்பாலும் இப்படி: “இஃப் ஐ வுட் ஹேவ் நோன், ஐ வுட் ஹேவ் கம்.” இரண்டு பக்கமும் ‘வுட் ஹேவ்’ போட்டால் சமமாக, அழகாக இருக்கும் என்று மனம் நினைத்துக்கொள்கிறது. அலுவலக மெயில்களில் இது மிகச் சாதாரணம். “இஃப் யூ வுட் ஹேவ் இன்ஃபார்ம்டு அஸ்” என்று தொடங்கும் மெயிலைப் பார்க்காத ஐ.டி. ஊழியர் இருக்க மாட்டார்.

இது ஏன் தவறு என்பதற்கும் தமிழே சாட்சி. வந்தான் - வந்தால். போனான் - போனால். கேட்டான் - கேட்டால். ‘ஆல்’ ஒட்டுவது எப்போதும் இறந்தகால உருவத்தோடுதான். நாளைக்கு நடக்கப் போவதைச் சொன்னால்கூட ‘நாளைக்கு வந்தால்’ என்கிறோமே தவிர, ‘நாளைக்கு வருவால்’ என்று குழந்தைகூடச் சொல்லாது. மேடைப் பேச்சில் ‘வருவாயானால்’ என்று கேட்டிருப்போம். அங்கேயும் ‘ஆல்’ ஒட்டியிருப்பது ‘ஆன’ என்ற இறந்தகாலத்தோடு. ஆங்கிலத்தின் ‘இஃப்’ பக்கமும் அப்படித்தான். ‘வுட்’ அங்கே பொருந்தாது. “இஃப் ஐ வுட் ஹேவ் நோன்” என்பது ஆங்கில இலக்கணக்காரர் காதில் ஏறக்குறைய ‘வருவால்’ மாதிரிதான் விழும்.

“இஃப் யூ வுட் வெயிட் எ மினிட்” என்று ஹோட்டல் வரவேற்பறையில் சொல்கிறார்களே என்று யாராவது மடக்கலாம். அது ‘ஒரு நிமிடம் காத்திருப்பீர்களா’ என்ற பணிவான வேண்டுகோள். கடந்த காலத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அது சரி, ‘நடக்கவில்லை’ என்பதைக் காட்ட ‘ஹேட்’ எதற்கு? ஆங்கிலம் ஒரு தந்திரம் செய்கிறது. நிஜத்திலிருந்து விலகி நிற்கும் விஷயம் என்றால், காலத்தில் ஒரு படி பின்னால் போய்விடும். இப்போது தெரியாத விஷயத்துக்கு “இஃப் ஐ நியூ” என்று இறந்தகாலம். அன்றைக்கே தெரியாமல் போன விஷயத்துக்கு அதற்கும் ஒரு படி பின்னால் போய் “இஃப் ஐ ஹேட் நோன்”. நிஜம் நிற்கும் இடத்துக்கும் கற்பனை நிற்கும் இடத்துக்கும் நடுவே உள்ள தூரம்தான் அந்தப் படி.

‘நாட்’ சேர்ந்தால் எல்லாம் தலைகீழ். “இஃப் ஐ ஹேட் நாட் மிஸ்டு தி பஸ்” என்றால் பஸ் போய்விட்டது என்று பொருள். சொல்லில் ‘இல்லை’ இருந்தால் நிஜத்தில் நடந்திருக்கிறது. சொல்லில் ‘இல்லை’ இல்லாவிட்டால் நிஜத்தில் நடக்கவில்லை.

பைனாகுலர் இருந்திருந்தால்...

இந்த வாக்கிய வகையின் கனத்தைக் காட்டும் உண்மைச் சம்பவம் ஒன்று உண்டு. 1912 ஏப்ரல் 14, இரவு 11.40 மணி. டைட்டானிக் கப்பலின் கண்காணிப்புக் கூண்டில் நின்றிருந்த ஃபிரெட்ரிக் ஃப்ளீட் எதிரே கறுப்பாக ஏதோ தெரிவதைப் பார்த்தார். மணியை மூன்று முறை அடித்தார், தொலைபேசியில் எச்சரித்தார். பலனில்லை. பனிப்பாறையில் மோதிய கப்பல் இரண்டே முக்கால் மணி நேரத்துக்குள் மூழ்கியது. ஏறக்குறைய 1,500 பேர் இறந்தார்கள். ஃப்ளீட் உயிர் தப்பினார். அப்போது அவருக்கு 24 வயது.

சில நாள்களிலேயே அமெரிக்க செனட் விசாரணையில் அவரை நிறுத்தினார்கள். கப்பல் பெல்ஃபாஸ்டிலிருந்து சவுத்தாம்ப்டன் வரும்வரை கூண்டில் இருந்த பைனாகுலர், அதற்குப் பிறகு இல்லை. செனட்டர் ஸ்மித் கேட்டார்: அது கையில் இருந்திருந்தால் அந்தக் கறுப்புப் பொருளை இன்னும் தூரத்திலேயே பார்த்திருக்க முடியுமா? கொஞ்சம் முன்னாலேயே பார்த்திருக்க முடியும் என்றார் ஃப்ளீட். எவ்வளவு முன்னால்? விலகிப் போகிற அளவுக்கு!

அந்த விசாரணை அறை எப்படி உறைந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். நடக்காத ஒன்றைப் பற்றிய ஒரு பதில், நடந்த 1,500 மரணங்களுக்கும் வேறொரு முடிவு இருந்திருக்கலாம் என்று சொல்கிறது.

செனட்டரின் கேள்வியில் ‘ஹேட் ஹேட்’ என்று இரண்டு முறை அடுத்தடுத்து வரும். பள்ளியில் இதைப் பார்த்து அச்சுப்பிழை என்று நினைத்தவர்கள் உண்டு. பிழையில்லை. முதல் ‘ஹேட்’, நாம் பார்த்த ‘இருந்தால்’. இரண்டாவது ‘ஹேட்’, ‘வைத்திரு’ என்ற பொருளில் வரும் ‘ஹேவ்’ என்பதன் மூன்றாவது வடிவம். ‘வைத்திருந்திருந்தால்’ என்று தமிழிலும் ‘இருந்து’ இரட்டிக்கிறதே, அதே கதை.

ஃப்ளீட்டின் பதிலில் வந்த சொல் ‘குட் ஹேவ்’. ‘வுட் ஹேவ்’ அல்ல. வித்தியாசம் சின்னது, ஆனால் சாட்சிக் கூண்டில் அது பெரியது. ‘வுட் ஹேவ் சீன்’ என்றால் கட்டாயம் பார்த்திருப்பேன். ‘குட் ஹேவ் சீன்’ என்றால் பார்க்க முடிந்திருக்கும். ‘மைட் ஹேவ் சீன்’ என்றால் ஒருவேளை பார்த்திருக்கலாம். எந்த அளவுக்கு அடித்துச் சொல்ல முடியுமோ அந்த அளவுக்கான சொல்லை எடுக்க வேண்டும்.

அதே இரவிலிருந்து இன்னோர் உதாரணம். கலிஃபோர்னியன் என்ற கப்பல் அந்தப் பகுதியிலேயே பனிக்கட்டிகளுக்கு நடுவே நின்றிருந்தது. அதில் இருந்த ஒரே ஒரு ரேடியோ ஆபரேட்டர், மோதலுக்குச் சில நிமிடங்களுக்கு முன்புதான் கருவியை நிறுத்திவிட்டுத் தூங்கப் போனார். “இஃப் ஹி ஹேட் ஸ்டேடு அவேக், ஹி வுட் ஹேவ் ஹெர்டு தி கால்” - விழித்திருந்தால் அழைப்பைக் கேட்டிருப்பார். இங்கே ‘வுட்’ துணிந்து போடலாம். ஆனால், கேட்டிருந்தால் அந்தக் கப்பல் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்குமா, எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்பதெல்லாம் இன்றுவரை வாதத்தில் இருப்பவை. அதற்கு ‘மைட் ஹேவ்’தான் நேர்மையான சொல்.

பைனாகுலர் விஷயமும் அவ்வளவு எளிதல்ல. பிரிட்டிஷ் விசாரணை, கப்பல் போன அதிவேகத்தைத்தான் காரணமாகச் சொன்னது. ஆனாலும் அந்த ‘இருந்திருந்தால்’ மக்கள் மனதை விட்டுப் போகவில்லை. கடைசி நேரத்தில் பணி மாற்றப்பட்டு இறங்கிப்போன அதிகாரி ஒருவர் சட்டைப்பையில் மறந்து எடுத்துச்சென்ற, கண்காணிப்புக் கூண்டோடு தொடர்புடைய ஒரு சாவி 2007-ல் ஏலத்துக்கு வந்தது. 90,000 பவுண்டுக்குப் போனது.

தமிழ் நம்மை வழுக்கிவிடும் இடம்

இதுவரை தமிழ் உதவியது. இனி அது வழுக்கிவிடும் இடம். ‘அவர் நேற்று வந்திருந்தால் ரிஜிஸ்டரில் கையெழுத்து இருக்கும்’ - அலுவலகத்தில் ஒருவர் இப்படிச் சொல்கிறார். அவருக்கு என்ன தெரியும்? அவர் வரவில்லை என்று தெரிந்து சொல்கிறாரா, அல்லது வந்தாரா இல்லையா என்று தெரியாமல் ‘போய்ப் பாருங்கள்’ என்கிறாரா? தமிழில் இரண்டுக்கும் ஒரே வாக்கியம். குரலும் முகமும் மீதியைச் சொல்லிவிடும்.

ஆங்கிலம் அங்கே தெளிவாகப் பிரித்துவிடுகிறது. தெரியாமல் சொன்னால், “இஃப் ஹி கேம் எஸ்டர்டே, ஹிஸ் சிக்னேச்சர் வில் பி இன் தி ரிஜிஸ்டர்.” கதவு திறந்தே இருக்கிறது. “இஃப் ஹி ஹேட் கம்” என்று எழுதினால், பெரும்பாலும் கதவை மூடியாகிவிட்டது. அவர் வரவில்லை என்று நீங்களே சொன்னதாக எடுத்துக்கொள்வார்கள். விசாரணைக் கடிதம், மெமோவுக்குப் பதில், இன்ஷூரன்ஸ் க்ளைம் போன்றவற்றில் இது விளையாட்டல்ல. தெரியாத ஒன்றைத் தெரிந்ததாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

இன்னொன்று ‘சாப்பிட்டிருப்பான்’. ‘கூப்பிட்டிருந்தால் சாப்பிட்டிருப்பான்’ என்பதிலும் அதே சொல். ‘மணி மூன்றாகிவிட்டது, இந்நேரம் சாப்பிட்டிருப்பான்’ என்பதிலும் அதே சொல். முதலாவதில் அவன் பட்டினி. இரண்டாவதில் அவன் வயிறு நிறைந்திருக்கிறது! ஊகத்தைச் சொல்லும் இரண்டாவதற்கு “ஹி மஸ்ட் ஹேவ் ஈட்டன்” என்பதுதான் குழப்பமில்லாத வழி. “ஹி வுட் ஹேவ் ஈட்டன்” என்று நம் ஊரில் சகஜமாகச் சொல்கிறோம், நமக்குள் புரிந்துவிடும். வெளிநாட்டு கிளையன்ட், ‘சாப்பிட்டிருப்பான்... ஆனால்?’ என்று அடுத்த பாதிக்காகக் காத்திருப்பார். “தி பார்சல் வுட் ஹேவ் ரீச்டு” என்று எழுதிவிட்டு, ஏன் அவர் பதறி போன் செய்கிறார் என்று விழிப்பவர்கள் உண்டு.

‘மே ஹேவ்’, ‘மைட் ஹேவ்’ இரண்டையும் ஆங்கிலச் செய்தித்தாள்களே குழப்பிக்கொள்வதாக மொழி நடைக் கையேடுகள் வெகுகாலமாகத் திட்டி வருகின்றன. “ஹெல்மெட் மைட் ஹேவ் சேவ்டு ஹிம்” என்றால் போடவில்லை, உயிர் போய்விட்டது. “ஹெல்மெட் மே ஹேவ் சேவ்டு ஹிம்” என்றால் ஆள் பிழைத்திருக்கிறார். ஹெல்மெட் காரணமாக இருக்கலாம். இரங்கல் செய்தி எழுதுகிறவர் இதில் தடுமாறக் கூடாது.

பழி போடாமல் சொல்ல

இலக்கணம் சரியாக இருந்தும் சண்டை வரும் இடம் ஒன்று உண்டு. “இஃப் யூ ஹேட் இன்ஃபார்ம்டு அஸ் எர்லியர், வி வுட் ஹேவ் ஃபிக்ஸ்டு இட்.” பிழையே இல்லாத வாக்கியம். ஆனால் உள்ளே ஒளிந்திருப்பது ‘நீங்கள் சொல்லவில்லை’ என்ற குற்றச்சாட்டு. ‘ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வந்திருப்பேன்ல’ என்று கல்யாண வீட்டுக்குக் கூப்பிடாத சித்தப்பாவிடம் அத்தை கேட்பாரே, அந்தக் குத்தல் இதிலும் உண்டு.

‘யூ’வை எடுத்துவிட்டால் சூடு தணியும். “இஃப் வி ஹேட் நோன் எர்லியர், வி குட் ஹேவ் ஃபிக்ஸ்டு இட்.” எங்களுக்கு முன்பே தெரிந்திருந்தால் சரிசெய்திருக்க முடியும். தகவல் அதேதான், விரல் நீட்டல் மட்டும் இல்லை. இன்டர்வியூவில் ‘அந்த புராஜெக்ட்டில் எதை வேறு மாதிரி செய்திருப்பீர்கள்?’ என்று கேட்டாலும் இந்த வடிவம் கைகொடுக்கும். “ஐ வுட் ஹேவ் டெஸ்டட் இட் எர்லியர்” என்று தன்னை வைத்துப் பேசுபவருக்கும், “இஃப் மை டீம் ஹேட் லிசன்டு” என்று தொடங்குபவருக்கும் கிடைக்கும் மரியாதை வேறு.

பேச்சில் இவையெல்லாம் சுருங்கி ஒலிக்கும் என்பதால் காதும் கொஞ்சம் பழக வேண்டும். “இஃப் ஐட் நோன், ஐட் ஹேவ் கம்” என்று படத்தில் வரும். இரண்டு ‘ஐட்’டும் ஒன்றல்ல. பின்னால் ‘ஹேவ்’ வந்தால் அது ‘ஐ வுட்’. நேராக மூன்றாவது வடிவம் வந்தால் அது ‘ஐ ஹேட்’. இந்தச் சுருக்கம்தான் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களையே கவிழ்க்கிறது. ‘குட் ஹேவ்’ என்பது வேகத்தில் ‘குடவ்’ என்று ஒலிப்பதால், ‘ஹேவ்’ இருக்க வேண்டிய இடத்தில் ஓ, எஃப் என்று எழுதிவிடுவது அங்கே பிரபலமான பிழை. “இஃப் ஐ வுட் ஹேவ் நோன்” என்பதும் அமெரிக்கர்கள் பேச்சில் தாராளமாகப் புழங்குகிறது. அதனால் பேசும்போது வாய் தவறினால் கூசத் தேவையில்லை. எழுத்தில்தான் பிடித்துக்கொள்வார்கள்.

“ஹேட் ஐ நோன்” என்று ‘இஃப்’ இல்லாமலே தொடங்கும் வாக்கியத்தைப் பார்த்து மிரள வேண்டாம். ‘இஃப் ஐ ஹேட் நோன்’ சட்டை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறது, அவ்வளவே. விளைவு இன்றும் தொடர்கிறது என்றால் மட்டும் இரண்டாம் பாதி மாறும்: “இஃப் ஐ ஹேட் டேக்கன் தட் ஜாப், ஐ வுட் பி இன் சென்னை நௌ.” அந்த வேலையில் சேர்ந்திருந்தால் இப்போது சென்னையில் இருப்பேன். தமிழிலும் இங்கே ‘இருப்பேன்’ என்று சொல்கிறோம் பாருங்கள்.

மறுபடி அந்த மெயிலுக்கு வருவோம். பெரியவர் இப்போது திருத்தி எழுதுகிறார். பணம் போன தேதி, தொகை, தெரிய வந்த தேதி. பிறகு அந்த வரி: “இஃப் ஐ ஹேட் ரிசீவ்டு அன் எஸ்எம்எஸ், ஐ வுட் ஹேவ் இன்ஃபார்ம்டு யூ இமீடியட்லி.” இதை எழுதிய நொடியிலேயே, எஸ்எம்எஸ் வரவில்லை என்று அவர் எழுத்துபூர்வமாகச் சொன்னவராகிறார். ஒருவேளை வந்திருந்து, விளம்பரச் செய்திகளுக்கு நடுவே அவர் பார்க்காமல் விட்டிருந்தால்? அப்போது ‘ரிசீவ்டு’ பொய்யாகிவிடும். ‘சீன்’ என்றுதான் எழுத முடியும். வங்கியின் கணக்குப்படி மூன்று நாளும் முடிந்துபோயிருக்கும்.

மெயிலை அனுப்பாமல் அப்படியே வைத்துவிட்டு, பெரியவர் போனை எடுக்கிறார். எஸ்எம்எஸ் பெட்டியைத் திறந்து, ஆறு நாளைக்கு முந்தைய தேதியைத் தேடி விரலால் மேலே தள்ளுகிறார். அப்புறம், ஸ்பாம் என்று ஒதுக்கப்பட்டவற்றையும்.